கன்னத்தில் பூசிய மண்

என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்தால் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். பல் டாக்டருக்கு மட்டும் தெரியாது. அங்கே போனால்தானே!

அந்த வருடம் எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய மறுநாள் ஆரம்பித்தது. வலது பக்கக் கடைவாய்ப் பல். அது சொத்தை என்று அவருக்கும் ஒரு வருடமாகத் தெரியும். முறுக்கை இடது பக்கமாகவே கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். சர்க்கரை வேறு உண்டு. சர்க்கரைக்காரருக்குப் பல்லில் சீழ் வைத்தால் லேசில் விடாது என்று எனக்குப் பயம். அதைச் சொன்னேன்.

"ஏட்டி, கொடி ஏறியாச்சுல்லா. இப்பப் போயி பல்லப் பிடுங்கி ரத்தம் சிந்தப்படாது. தபசு முடியட்டும்."

கொடி ஏறிவிட்டால் அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்று எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் உண்டுதான். பல் பிடுங்கக் கூடாது என்று எந்தச் சாமி சொன்னது? கேட்டேன். "ஒனக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்கும் பதில் இது ஒன்றுதான்.

சரி, சமாளித்துத்தானே ஆக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தேன். பாராசிட்டமாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். அடுத்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான் என்று அட்டையை என் சேலை பீரோவில் வைத்துப் பூட்டினேன். கடையநல்லூர் சிநேகிதர் துபாயிலிருந்து கொண்டுவந்தது என்று பெயர் தெரியாத மாத்திரை ஒன்றைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்தார். அதையும் பிடுங்கினேன். கிராம்புத் தைலத்தை ஈறெல்லாம் ஊற்றப் பார்த்தார். புண்ணாகிப் போகும் என்று கையைத் தட்டிவிட்டேன். நர்ஸ் வேலைக்குப் போயிருந்தால் நல்ல பேர் வாங்கியிருப்பேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. இனிமேல் விட முடியாது என்று நான் செருப்பை மாட்டும்போது, சிவகிரியிலிருந்து அவருடைய அக்கா தபசுக்கு வந்து இறங்கினார். முதலில் கோயில், பிறகு தம்பி வீடு. கையில் கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்.

"ஐயோ, எந்தம்பி மூஞ்சியப் பாரு! இந்த மண்ணக் கொழச்சுப் பூசுட்டி. நாளைக்கே வத்திரும்."

எங்கள் ஊர்ப் புற்றுமண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் நெற்றியில் இட்டுக்கொள்கிறவள் நான். ஆனால் பல் இருப்பது வாய்க்குள்ளே அல்லவா! யார் கேட்டார்கள்? தம்பி கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்ட, அக்கா காதிலிருந்து தாடைவரை அப்பிவிட்டார். ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு போயிற்று.

மண் காய்ந்து இறுகியது. அதன்மேல் இன்னொரு பூச்சு. அடியில் வீக்கம் வற்றுகிறதா, ஏறுகிறதா, யாருக்குத் தெரியும்? கழுவிப் பார்ப்போம் என்றேன். "சாமி மண்ணக் கழுவப்படாது, தானா உதிரட்டும்" என்றார் அக்கா. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானம் அவர் முனகினார். "ஏட்டி, ஒத்தடமாச்சும் போடுட்டி." மனசு கேட்கவில்லை. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, மண் பூசாத தாடையோரமாகச் சூட்டோடு ஒற்றினேன். சுகமாக இருக்கிறது என்றார். சாயங்காலமும் போட்டேன். மறுநாள் முழுக்கப் போட்டேன்.

அதற்கடுத்த நாள் காலையில் இட்லியை வாயில் வைக்கப் போனால், வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. எச்சில் விழுங்கவே கண் கலங்கியது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"போதும் உங்க தபசும் மண்ணும்!" என்று கத்தினேன். ஏதோ சொல்ல வந்த அக்கா என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார். செம்புத் தண்ணீரால் நானே மண்ணைக் கழுவினேன். வீக்கம் சிவந்து பளபளவென்று கழுத்துக்கு இறங்கியிருந்தது.

திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ நகர்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வழியெல்லாம் மண்ணையும் அக்காவையும் அவரையும் மாறி மாறி ஏசிக்கொண்டே போனேன். பல் டாக்டர் சின்னப் பெண். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"கழுத்துக்கு எறங்கிருச்சும்மா. இன்னும் விட்டா மூச்சையே அடைச்சிரும். இப்பவே திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." சீட்டு எழுதிக்கொண்டே தாடையோரத்தைக் காட்டினார். "இங்கன தோல் கன்னிப் போயிருக்கே. சூட்டு ஒத்தடம் போட்டீங்களா? பல் வீக்கத்துக்குச் சூடே காட்டக் கூடாது, பரவிரும். துணியில சுத்துன ஐஸ்தான் வைக்கணும். யாரு போட்டது?"

எனக்கு நாக்கு எழவில்லை. வழியெல்லாம் ஏசிய அதே நாக்கு.

திறக்காத வாயை வைத்துக்கொண்டு அவர்தான் சொன்னார். "நாந்தான். நானாத்தான் வச்சுக்கிட்டேன்."

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா சார்?" என்று டாக்டர் அவரை ஏசினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

திருநெல்வேலியில் பல்லை எடுத்து, சீழை எடுத்து, ஏழு நாள் கழித்து வீடு வந்து சேர்ந்தோம். தபசு அவர் இல்லாமலே நன்றாக முடிந்திருந்தது. ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நாந்தான் சொல்லணும். வேற ஆளு சொல்லப்படாது" என்றார்.

என்ன மனுசன் இவர்! வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுக்களைக்குப் போய், அவருக்குக் கஞ்சியைச் சூடு போக ஆற்றிக் கொண்டுவந்தேன்.