வடிவை மட்டும் நிற்க வைத்தார்கள்

செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கமாக இருந்த எங்கள் கிறிஸ்தவத் தெருவில் வடிவு பட்டுநூல் முறுக்கிப் பிழைத்தாள். முதல் புருஷன் லாரி மோதிச் செத்த பிறகு, கைலாசம் என்ற நெசவாளியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் திருநீறு பூசுகிறவர். இவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு வருகிறவள். ஒருவரை ஒருவர் மாற்றப் பார்க்கவில்லை. சபை மூப்பர் அப்பாதுரைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் மழைக்காலத்தில் தெருவில் வாந்திபேதி வந்தது. இரண்டு குழந்தைகள் போயின. அந்த ஞாயிறு அப்பாதுரை வேதத்தை எடுத்து வாசித்தார். எரிகோவில் ஒருவன் தொடக் கூடாதென்று கடவுள் விலக்கிய பொருளைத் திருடித் தன் கூடாரத்தில் புதைத்ததும், அதனால் இஸ்ரவேலர் எல்லோரும் ஒரு சின்ன ஊரிடம் தோற்று ஓடியதுமான கதை. வாசித்து முடித்து, வடிவை எழுந்து நிற்கச் சொன்னார். திருநீறு பூசுகிறவரைக் கட்டிய இந்தப் பாவம் சபையில் இருக்கும்வரை சாவு நிற்காது என்றார்.

வடிவு எழுந்து நின்றாள்.

"அந்தக் கதையில திருடன் யாருன்னு தெரியறதுக்கு, மொதல்ல எல்லாரையும்தான் நிக்க வெச்சாங்க. இங்க என்னை மட்டும் நிக்க வெச்சிருக்கீங்க ஐயா. நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க."

அவள் பொதுக் கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். கைலாசம் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாகச் சுமந்தார். தெருவில் மேலும் மூன்று பேர் செத்தார்கள். இவர்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் அவள்மேல் குற்றமாகத்தான் பேசினார்கள்.

பிறகுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றைப் பார்த்தார். அதை ஒட்டினாற்போல் அப்பாதுரை புதிதாகக் கட்டிய கக்கூஸ் குழி. அதன் கசிவெல்லாம் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிணறு பக்கத்தில் இருக்கிறது, தள்ளி வெட்டலாம் என்று கொத்தனார் தணிகாசலம் அப்போதே சொல்லியிருக்கிறார். தள்ளி வெட்டினால் தன் பூச்செடிகள் போய்விடும் என்று அப்பாதுரை மறுத்திருக்கிறார். ஐந்து உயிரைவிட அவருக்குப் பூச்செடி பெரிதாக இருந்திருக்கிறது. அதே வாயால்தான் வேதம் வாசித்தார்.

தெரு முழுக்க அவர் வீட்டு வாசலில் திரண்டது. முதல் கல் ஓட்டில் விழுந்தது. உள்ளே அவர் மனைவி காந்தாவும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவை மறைத்து நின்றாள்.

"அந்தக் கதையில திருடனோட புள்ளைங்களையும் சேத்துக் கல்லால அடிச்சாங்க. அதைக் கேக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். குழி வெட்டனது அவரு. அவரைக் கேளுங்க. இந்தப் பொண்ணுங்க என்ன பண்ணாங்க?"

கூட்டம் கலைந்தது. அப்பாதுரையின் மூப்பர் பதவி போயிற்று, குழியை மூடினார்கள். ஆனால் வடிவிடம் மன்னிப்புக் கேட்கச் சபையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கிணற்றுக்கு மருந்து போட்ட பிறகு, இனி நீயும் சேந்திக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பி அனுமதி கொடுத்தார்கள். அனுமதியாம்!

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.