ரயில் கூரையில் கேட்ட மணி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடையில், பலேர்மோவில் பழைய ரயில்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பியும் அங்கேதான். நகரின் அல்பெர்கேரியா பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே காரில் வேலைக்குப் போனோம்.

வந்தவை ஜப்பானில் வடிவமைத்த மின்சாரப் புறநகர் ரயில்கள். இருக்கைகளையும் தரையையும் மாற்றி, கூரையில் புதுக் குளிரூட்டி பொருத்த வேண்டும். மேற்பார்க்க ஜப்பானியப் பொறியியலாளர் ஒருவர் வந்திருந்தார். எதைச் சரிபார்த்தாலும் விரலை நீட்டிக் காட்டி, அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லுவார். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

"மனிசன் தனியக் கதைக்குது, அத்தான்" என்று மச்சான் நக்கலடிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கூரையில் ஏறுமுன் மேலே ஓடும் கம்பியின் மின்சாரத்தை நிறுத்தி, அந்தச் சுவிட்சில் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட வேண்டும். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் மின்சாரம் விடலாம். எங்கள் இரண்டு பூட்டுக்கும் திறப்புகள் மச்சானிடமே கிடந்தன. ஒரு வீட்டு ஆட்களுக்குள் என்ன வேற்றுமை என்று இருந்துவிட்டோம்.

அன்று மதியம் குளிரூட்டியைச் சுற்றி ரப்பர் ஒட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தேன். திடீரென்று கீழே மணி அடித்தது. மின்சாரம் விடப்போகிறார்கள் என்று அர்த்தம். எழுந்தால் தலைக்கு மேல் கம்பி. ஏணியோ பெட்டியின் மறுமுனையில். கத்தினேன், மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முருகனையும் பலேர்மோ மலைமேல் கோயில்கொண்டிருக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. சுடுகிற தகட்டில் கன்னத்தை அழுத்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

மணி நின்றது. இனி முடிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏணியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் அந்த ஜப்பான்காரர். விரலை என்னை நோக்கி நீட்டியிருந்தார்.

இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் சாப்பிடப் போய்விட்டேன் என்று நினைத்து, மச்சான் தன் பூட்டோடு என் பூட்டையும் கழற்றியிருக்கிறான். சுவிட்சில் பூட்டு இல்லையென்று கண்ட பட்டறை மேற்பார்வையாளர் மணியை அடித்துவிட்டார். ஜப்பான்காரர் மட்டும் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து, இன்னும் எடுக்காத ஏணியைக் கண்டு, "நோ!" என்று கத்தியிருக்கிறார்.

"அத்தான், நீங்கள் இறங்கீட்டியள் எண்டெல்லோ நினைச்சனான்!" மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

என்னை நன்றாகத் தெரிந்தவன் நான் இறங்கியிருப்பேன் என்று நம்பினான்; என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் நம்பாமல் பார்த்தார், அதனால்தான் என் மகளுக்கு இன்று அப்பா இருக்கிறார்.