அருவிக்கடியில் கற்ற இங்கிலீஷ்

வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பழக எனக்கு வெட்கம். குத்துக்கல்வலசையில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே "நூறு" என்பார்கள். நான் வாயைத் திறந்து "வாட்ஸ் அப் டியூட்" என்றால், சாயங்காலத்துக்குள் தெருவே எனக்குத் துரைசாணி என்று பட்டம் கட்டிவிடும்.

ஆனால் பழகியே ஆக வேண்டும். பத்து வருடம் பிள்ளையும் அடுப்புமாகக் கிடந்தவள், வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். எழுத்துத் தேர்வில் பாஸ். வீடியோ நேர்காணலில்தான் சொதப்பல்.

"மேடம், உங்க இங்கிலீஷ்ல தப்பே இல்ல. ஆனா லீவ் லெட்டர் வாசிக்கிற மாதிரி இருக்கு. சகஜமா பேசிப் பழகுங்க, அடுத்த மாசம் இன்னொரு சான்ஸ் தரேன்" என்றார் அந்த அதிகாரி. அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதபோதுதான் எனக்கே தெரிந்தது.

மைனியிடம், அதாவது அண்ணன் மனைவியிடம், சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"இதுக்கா அழுவுத? குத்தாலத்துக்கு வாட்டி. அருவிக்கடியில நின்னு பேசு. எவளுக்குக் கேக்கும்?"

சாரல் காலம். வாரத்துக்கு மூன்று நாள், தலை நிறைய எண்ணெயோடு இருவரும் பஸ் ஏறினோம். அன்றைய பாடத்தை மைனி போனில் தேடி உள்ளங்கையில் எழுதி வருவாள். முதல் நாளே எண்ணெய் பட்டு அழிந்துபோனது. பிறகு பஸ்ஸிலேயே மனப்பாடம்தான்.

அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தண்ணீர் முதுகில் மொத்தும். "நோ வொரீஸ்!" என்று நான் கத்துவேன்.

"கேக்கலட்டி!" என்பாள் மைனி.

"நோ வொரீஸ்!"

"இன்னும்!"

துவண்டவர்களுக்குத் தைரியம் சொல்ல "ஹேங் இன் தேர்". சுலபமான வேலைக்கு "பீஸ் ஆஃப் கேக்". கத்தக் கத்த வாய்க்குள் தண்ணீர் போகும், சிரிப்பு புரையேறும். கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி நகர்ந்து வந்து, "என்னக்கா, மந்திரமா சொல்லுதிய?" என்று கேட்டாள்.

"ஆமா, வேல கெடைக்கிற மந்திரம்" என்றாள் மைனி.

அவளும் எங்களோடு சேர்ந்து "நோ வொரீஸ்" என்று கத்தினாள். நகரச் சொல்லிப் பெண் போலீஸ் விசில் அடிக்கும்வரை மூன்று பேரும் கத்தினோம். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையுமே படித்ததில்லை.

நேர்காணல் நாள். முதல் கேள்விக்கே "நோ வொரீஸ்!" என்று தொடங்கினேன். அதிகாரி ஹெட்செட்டைப் படாரென்று கழற்றினார்.

"மேடம்! ஏன் கத்துறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாக அருவிக்கு மேலே பேசிய தொண்டை, வீட்டுக்குள்ளும் அதே சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தது. மனப்பாடம் செய்தது அத்தனையும் காற்றில் போயிற்று. வேறு வழியில்லாமல் உண்மையையே இங்கிலீஷில் சொன்னேன். சுவர், மைனி, எண்ணெய், விசில் எல்லாவற்றையும். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார், மேலும் கேட்டார். பத்து நிமிடம் ஓடியது எனக்குத் தெரியவில்லை.

"இப்பதான் நீங்க பேசுறீங்க. திங்கட்கிழமை சேர்ந்துடுங்க" என்றார்.

நான் லேப்டாப்பை மூடக்கூட இல்லை, அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது.

"ஏட்டி, வேல கெடச்சிட்டா?"

எல்லாம் கேட்டிருக்கிறது. வெட்கப்பட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. "யெஸ்!" என்று அருவிக்கடியில் கத்துவதுபோல் கத்தினேன்.