எறும்பு வராத சீனி மூட்டை

சீனிக் கடையில் எறும்பே இல்லாவிட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

கடை சுத்தம் என்றா? நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவனுக்கு வேறென்ன வரும்?

விஷயம் இதுதான். ஜெர்மன் சண்டை தொடங்கியதிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பல் வரத்து குறைந்துவிட்டது. சீமைச் சீனி விற்றுப் பிழைத்த சின்னக் கடைக்காரர்கள் கையைப் பிசைகிறார்கள். அவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர எங்கள் ஐக்கிய நாணயச் சங்கம் முன்வந்திருக்கிறது. நான் அதற்குச் சம்பளமில்லாத காரியதரிசி. கடன் கேட்பவர் கடையில் சரக்கு இருக்கிறதா என்று இரண்டு பேர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கட்டத் தவறினால் மற்ற அங்கத்தினர்கள் எல்லோரும் சேர்ந்து கட்ட வேண்டும்... இப்போது தெரிகிறதா, நான் ஏன் எறும்பைத் தேடினேன் என்று?

போன சனிக்கிழமை திருநெல்வேலியில் ஓர் அண்ணாச்சி கடைக்குப் போனேன். எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். உங்களில் நாலு பேராவது பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள்!

அவருக்கோ என்மேல் சந்தேகம். இவ்வளவு குறைந்த வட்டிக்கு எவன் கொடுப்பான்? சுற்றி வளைத்து என்னென்னவோ விசாரித்தார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"வாத்தியாரையா, பணத்த வாங்கிட்டா ஞாயித்துக்கெழம வேதக்கோயிலுக்கு வரச் சொல்லுவியளோ?"

இல்லை என்று சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

கடையில் சீனி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தரையில், சாக்கில், தையலில் — ஓர் எறும்புகூட இல்லை. கைத்தடியால் ஒரு மூட்டையைக் குத்தினேன். பொதுக்கென்று உள்ளே போயிற்று. தடி நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது உமி.

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அவுத்துப் பாக்காதிய. உள்ள உமின்னு தெருவுக்குத் தெரிஞ்சா, சரக்குத் தந்தவுக எல்லாரும் நாளைக்கே வாசல்ல நிப்பாவ. இந்த மூட்டையாலதான் கட நிக்கு."

சீனிக்குக் கட்டிய முன்பணம் கப்பலோடு மாட்டிக்கொண்டதாம். கடன் கிடைத்தால் கருப்பட்டி வாங்கி விற்று நிமிர்ந்துவிடுவாராம். நம்புவதா? உமியைச் சீனி என்று காட்டுகிறவர் சொல்லும் கருப்பட்டியை எப்படி நம்புவது? திங்கட்கிழமை வருகிறேன் என்று நழுவிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்கூட அந்த உமிதான் கண்ணில் நின்றது.

திங்கட்கிழமை, கையெழுத்துப் போட வேண்டிய இன்னொருவரான ஜவுளிக்கடை முதலாளியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். மூட்டைகளை நிதானமாகப் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு மூட்டையைத் தொட்டும் பார்த்தார். அண்ணாச்சி மூச்சுவிடவில்லை.

"சரக்கு நெறைய இருக்கு" என்று சொல்லி, முதலாளி கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு இளகித்தான் போயிற்று. ஆனாலும் நான் நானாயிற்றே — பணத்தை அவர் கையில் தராமல் கருப்பட்டி வியாபாரிக்கு நேரே கட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு விட்டேனா? நான் கண்டுபிடித்தது முதலாளி கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று? அண்ணாச்சியிடம் ஏதாவது வாங்கிக்கொண்டாரோ? மறுநாளே வேட்டி வாங்குகிற சாக்கில் ஜவுளிக்கடைக்குப் போனேன். அலமாரி நிறைய வேட்டி அடுக்கு. எட்டு முழம் வேண்டும் என்று சொல்லி, அடுக்கின் நடுவே கையை விட்டேன்.

விரலில் தட்டுப்பட்டது துணியல்ல, பலகை.

முதலாளி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மேல இருக்கதயே எடுத்துக்கிடுங்க, ஐயா."

மேலே இருந்தது நாலு முழம். அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து கடைவீதியில் கையைக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.