மல்லிகாவைப் படுக்கவைத்தது நான்தான்

நேற்றுப் பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸில் வந்தபோது, என் பக்கத்து இருக்கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குச் சொந்தக்கார அம்மா நின்றுகொண்டு வந்தார். திருவேட்டக்குடியிலிருந்து மீன் கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்புகிறார். கண்டக்டர் முறைத்ததற்கு, "அத கீழ வெச்சா ஒடஞ்சிரும். நான் நின்னா ஒடைய மாட்டேன்ல?" என்றார். பெட்டி காலிதான், ஆனால் நாற்றம் இறங்கவில்லை. பஸ்ஸில் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் குதிரை ஞாபகம் வந்தது.

மீன் நாற்றத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சுற்றி வளைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் என்னைக் கட்டிக்கொள்வதற்கு இரண்டு வருஷம் முன்பே மல்லிகாவை வாங்கிவிட்டார். மல்லிகா வெள்ளைப் பெண் குதிரை. வரிச்சிக்குடியில் அவர் குடும்பத்துக்கு நெல் வயல் இருந்தது. வேளாங்கண்ணிப் பக்கம் பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்று பார்க்கப் போனவர், குதிரையோடு வந்து இறங்கினார். வீட்டில் எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். "டிராக்டரு நம்மள திரும்பிப் பாக்காதுல்ல" என்றாராம்.

அப்புறம் காரைக்காலைச் சுற்றி எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு மல்லிகாதான். எங்கள் கல்யாணத்துக்கும் அதன்மேல் ஏறித்தான் வந்தார். ஆரத்தி எடுத்த என் சித்தி பதற்றத்தில் முதல் பொட்டைக் குதிரைக்கு வைத்துவிட்டாள். எங்கள் ஆல்பத்தில் நான் இருக்கிற படங்களைவிட மல்லிகா இருக்கிற படங்கள் அதிகம். சந்தேகம் வேண்டாம், எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. கொடியில் காய்கிற துணிகளில் என் சேலையை மட்டும் தேடிப்பிடித்துக் கடிக்கும். அவர் அதனிடம், "மல்லிக்குட்டி, சாப்டியாடா?" என்பார். என்னிடம், "டீச்சர், சாப்பாடு இருக்கா?" என்பார். பொண்டாட்டியை டீச்சர் என்று கூப்பிடுகிற ஆள். கோபம் வந்தாலும் டீச்சர், கொஞ்சினாலும் டீச்சர். எது கோபம், எது கொஞ்சல் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

நான் மாட்டுக்கார வீட்டுப் பெண் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா வீட்டுத் தொழுவத்தில் எப்போதும் ஏழெட்டு உருப்படி நிற்கும். மூக்கின் ஈரத்தைப் பார்த்தே எந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. குதிரை என்றால் என்ன, கொம்பில்லாத மாடுதானே என்று நினைத்திருந்தேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம், தலத்தெருவில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. யாரோ ஒரு புண்ணியவான் சொல்லாமல் கொள்ளாமல் சரவெடியைக் கொளுத்தினான். மல்லிகா மிரண்டு பின்வாங்கியது. கல்யாண வீட்டு வாசலில் பள்ளத்தின் மேல் பலகை போட்டிருந்தார்கள். பலகை விலகி, இடது முன்னங்கால் உள்ளே போய்விட்டது. மாப்பிள்ளை சறுக்கி நாதஸ்வரக்காரர் மேல் விழுந்தார். இருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. கீறல் விழுந்தது மல்லிகாவின் எலும்பில்.

அப்படித்தான் கால்நடை டாக்டர் சொன்னார். சின்ன வயசு டாக்டர், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டுப் பஞ்சும் பட்டையும் வைத்துக் கட்டினார். என் வீட்டுக்காரரிடம் என்னவோ விளக்கமாகச் சொன்னார். நான் அப்போது அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீயோடு வெளியே வந்தபோது பேச்சு முடிந்திருந்தது. அந்த டீயை நான் போடாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். டாக்டர் அதைக் குடிக்கவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு லீவு. ஏதோ ஒரு மருந்து தஞ்சாவூரில்தான் கிடைக்கும் என்று அவர் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "பாத்துக்க டீச்சர். தண்ணி மட்டும் வெச்சிடு" என்றார். அவருக்கு அவ்வளவுதான் சொல்லத் தோன்றியது. மீதி எல்லாம் உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்திருப்பார்.

தண்ணீர் வைத்தேன். மல்லிகா கட்டுப்போட்ட காலை நுனியில் மட்டும் ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு, கண்ணைப் பாதி மூடி நின்றது. பத்து மணிக்குப் பார்த்தேன், நின்றது. பன்னிரண்டு மணிக்கும் நின்றது. என் மனசு கேட்கவில்லை. எங்கள் ஊரில் கால் அடிபட்ட மாடு நாள் முழுக்க நின்றால் அந்த வீட்டு ஆட்களுக்கு ஈவிரக்கம் இல்லை என்று அர்த்தம். வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துவிட்டால் அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு கிடக்கும், கால் தானாகத் தேறும்.

பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று உச்சுக்கொட்டினார். "ஏம்மா டீச்சரு, வாயில்லா சீவன இப்புடி நிக்க வெச்சிருக்கியே. சாச்சி படுக்கவெச்சா என்னா?"

அவர் கேட்டார் என்பதற்காகப் பழியை அவர்மேல் போடமாட்டேன். அவர் கேட்காவிட்டாலும் நான் செய்திருப்பேன். அவர் வீட்டுக்காரரையும் இன்னும் மூன்று ஆட்களையும் நான்தான் கூப்பிட்டேன். நாலு கட்டு வைக்கோலை நானே உதறிப் போட்டேன். லாடம் கட்ட மாட்டைச் சாய்ப்பார்களே, அதேபோல் கயிறு போட்டு, பூப்போலச் சாய்த்தார்கள். "மெதுவாங்க, மெதுவாங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தேன். மல்லிகா படுத்தது. பெருமூச்சு விட்டது.

"பாரு, என்னா நிம்மதி அதுக்கு" என்றார் ராசாத்தி அக்கா.

நான் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான் அதைப் பிரியமாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. சேலையைக் கடிக்கவில்லை.

மாடு எழுந்திருக்கும்போது பின்னங்காலை முதலில் தூக்கும். பால் கறந்த எல்லோருக்கும் தெரியும். குதிரை முன்னங்காலை நீட்டி, அதில் பாரம் போட்டு எழும்பும். அது எங்களில் யாருக்கும் தெரியாது. அரைமணி கழித்து மல்லிகா முன்னங்கால்களை நீட்டியது. நாங்கள் ஆறு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வாசலில் கூட்டம். டாக்டர் முன்னமே வந்துவிட்டிருந்தார். "யாருங்க படுக்க வெச்சது?" என்று கேட்டார். ராசாத்தி அக்கா தன் வீட்டைப் பார்க்க நடந்தார். நான் குனிந்து, சிதறிய வைக்கோலைக் கூட்ட ஆரம்பித்தேன். தினமும் நாற்பது பிள்ளைகளை 'உண்மையைச் சொல்' என்று மிரட்டுகிற ஆள் நான்.

டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். இந்தத் தடவை நான் டீ போடப் போகவில்லை. "கீறல் முழுசா பொளந்துருச்சுங்க. எலும்பு வெலகல, தோலும் கிழியல, அது ஒண்ணுதான் நல்லது. ஊசி போட்டு அனுப்பிடலாம்ங்க. அதுக்கும் வலி மிச்சம்."

"வேற வழி?"

"நிக்க வைக்கணும். வயித்துக்குப் பட்டை குடுத்து தொங்கவிடணும், நாப்பது அம்பது நாளு. இங்க யாருங்க செய்வா? அப்புடியே செஞ்சாலும் எனக்கு இந்தக் காலு கவலையில்ல. நல்ல காலுதான் பயம். எல்லாப் பாரத்தையும் அது ஒண்ணே தாங்குனா குளம்பு கெட்டுப்போயிரும். அப்பறம் ரெண்டு காலும் இல்ல."

அவர் தஞ்சாவூர் மருந்துப் பையோடு போய் மல்லிகாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். டாக்டருக்கே மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. "நாளைக்கு மத்தியானம் வர்றேன். அதுக்குள்ள நின்னுச்சுன்னா வைத்தியம். இல்லன்னா ஊசி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சேதி கேள்விப்பட்டு, மறுநாள் காலையில் திருவேட்டக்குடியிலிருந்து மினி வேன் ஒன்று வந்தது. வேலு அண்ணனும் ஏழு ஆட்களும் இறங்கினார்கள். வேலு அண்ணன் படகு வைத்திருப்பவர். போன மாதம்தான் அவர் கல்யாணத்துக்கு மல்லிகா போயிருந்தது. படகு எஞ்சின் தூக்குகிற செயின் பிளாக்கையும் ஒரு பழைய வலையையும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் தெருவில் போர்வெல் போடுகிறவரிடம், குழாய் தூக்குகிற உயரமான இரும்பு முக்காலி இருந்தது. வலையை எட்டாக மடித்து, உள்ளே சாக்கு வைத்துத் தைத்து வயிற்றுப்பட்டை தயார் செய்தார்கள்.

அதற்குப் பிறகு முடிச்சில் தகராறு வந்தது. வயல்காரர்கள் ஒரு முடிச்சைச் சொன்னார்கள், கடல்காரர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் வாக்குவாதம். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வேலு அண்ணன், "எல்லாரும் வாய மூடுங்க. அது பயப்படுது" என்றார். எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தார்கள். காதைப் பின்னால் மடித்து நடுங்கிக்கொண்டிருந்தது. கடல்காரர்கள் முடிச்சையே போட்டார்கள். சங்கிலி கடகடவென்று ஏறியது. மல்லிகா எழுந்து, மூன்று காலைத் தரையில் தொட்டு நின்றது.

டாக்டர் வந்தார், பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நாலு இஞ்ச் பைப்பு ஒண்ணு வேணும். தண்ணி பைப்பு" என்றார். வயலுக்கு வைத்திருந்த பி.வி.சி. பைப்பை நெடுக்காகப் பிளந்து, காலின் இரண்டு பக்கமும் வைத்து மாவுக்கட்டுப் போட்டார். நல்ல காலின் குளம்புக்கு அடியில் மெத்தை மாதிரி ஏதாவது கட்ட வேண்டும் என்றார். வேலு அண்ணன் வேனுக்குப் போய் மீன் பெட்டி மூடியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை தெர்மாகோல் நசுங்கிவிடும், வேறு மாற்ற வேண்டும். வேலு அண்ணன் பெட்டிகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். நாற்பத்தெட்டு நாள் எங்கள் வீடு மீன் மார்க்கெட் மாதிரி நாறியது. மீன் நாற்றத்துக்கும் குதிரைக்கும் சம்பந்தம் இதுதான்.

தொங்குகிற குதிரையைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். பாதிப்பேர் காலில் தேய்க்க நல்லது என்று பிராந்தி கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? டாக்டர் ஒரு சொட்டுக்கூடத் தேய்க்கவிடவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் பாட்டில்கள் காலியாயின. குதிரையைத் தவிர எல்லோரும் தெம்பாக இருந்தார்கள்.

கல்யாண வருமானம் நின்றுபோனதால் அவர் மினி வேன் ஓட்டப் போனார். பள்ளிக்கூடம் போகிற வரைக்கும், வந்த பிறகும் நான்தான் மல்லிகாவைப் பார்த்துக்கொண்டேன். பட்டை உரசிய இடத்தில் தேங்காயெண்ணெய் போடுவேன். நல்ல காலின் குளம்பில் சூடு ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். என் பிள்ளைக்குப் பின்னாளில் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. அதன் கழுத்துக்கடியில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்துவேன். ஒரு நாள் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டை மூலையில் தின்றுவிட்டது. அந்தப் பையனுக்கு முழு மார்க் போட்டேன். வேறு என்ன செய்வது?

இருபதாம் நாளோ என்னவோ, அவர் கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் தாங்காது என்று, "நாந்தாங்க படுக்க வெச்சேன். நாந்தான் ஆளுங்கள கூப்ட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும் டீச்சர். தண்ணி வெச்சிட்டியா?" என்றார்.

நாற்பத்தெட்டாம் நாள் சங்கிலியை இறக்கினார்கள். வேலு அண்ணன் சக்கரத்தில் ஒரு பல், டாக்டர் முகத்தைப் பார்ப்பது, இன்னொரு பல் என்று இறக்கினார். பட்டை தொய்ந்தது. மல்லிகா நாலு காலில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு இடது காலை எடுத்து வைத்து, அடுத்த காலையும் எடுத்து வைத்து, நேராக என்னிடம் வந்து முந்தானையைக் கடித்தது. நல்ல சேலை. கிழித்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

நடை மட்டும் கடைசிவரை சற்று விந்தல்தான். மறுபடி அது கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் வேனிலேயே இருந்துவிட்டார். மல்லிகா பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் சும்மா சாப்பிட்டுவிட்டு, வயசாகித்தான் போயிற்று. அவர் அதைப் போல அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் முன்பு, ஒரே நாளில், நெஞ்சுவலி.

இப்போது கொட்டகை இருந்த இடத்தில் என் மகனின் பைக் நிற்கிறது. என்னை டீச்சர் என்று கூப்பிட ஊர் முழுக்க ஆள் உண்டு, எல்லோருமே மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று நினைக்காதீர்கள். உப்புக்குச் சண்டை, என் தம்பிக்குச் சண்டை, மகனை எந்தப் பள்ளியில் போடுவது என்பதற்கு ஒரு வாரச் சண்டை. ஒவ்வொன்றிலும் நான் பயந்துகொண்டே இருப்பேன், இப்போது அந்தச் சொல் வரப்போகிறது, 'நீதானே படுக்க வெச்ச' என்று கேட்கப்போகிறார் என்று. வாயைத் திறப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஊரில் எல்லோரும் அதைச் சொல்லிவிட்டார்கள். ராசாத்தி அக்கா இன்றைக்கும் வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறார். சொல்ல வேண்டிய மனுஷன் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.