பூச்சு காயும்வரை பேசக்கூடாது

முகத்தில் பூசியது காய்ந்து முடியும்வரை பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, வாயை அசைக்கவே கூடாது. தங்கச்சி போட்ட சட்டம் இது. ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். பேசினால் பூச்சு வெடிக்குமாம், வெடித்த இடத்தில் தோலும் சுருங்குமாம். கோடையில் எங்கள் கரிசல் புஞ்சை வெடித்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வெடிப்பு விழும். அதனால் நானும் நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்கக் குளத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. தூரத்துச் சொந்தம்தான். மாப்பிள்ளை உப்பளத்தில் சூப்பர்வைசர். போட்டோவைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, பாக்க மனுஷன் மாதிரிதான் இருக்காவ" என்றாள் தங்கச்சி. அவள் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. நெற்றியில் கிளம்பியிருந்த பருதான் அவளுக்குக் கவலை. கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். வேலை முடிந்து வரும்போது நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மட்டி வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

பொட்டலத்தை முதலில் பிரித்தது அப்பா.

"என்னலே இது?"

"முல்தானி மட்டிப்பா. மூஞ்சியில பூசுதது."

"மண்ணா?"

"மண்ணுதான்."

"நம்ம புஞ்சையில இல்லாத மண்ணா? இது ரயிலேறி வந்த மண்ணாக்கும்!"

"நம்ம மண்ணுல நீங்க களைக்கொல்லி அடிச்சிருக்கீங்க" என்றாள் தங்கச்சி. "மூஞ்சியில களை முளைச்சா வந்து அந்த மண்ணை எடுத்துக்கிடுதேன்."

அப்பா சிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "நைஸாத்தான் இருக்கு. ஆனா இதுல உளுந்து முளைக்காது" என்று சொல்லிவிட்டு ஆடுகளை அடைக்கப் போனார்.

தங்கச்சி ஒரு கிண்ணத்தில் மட்டியைக் கொட்டி, பன்னீர் விட்டு, ஒரு கரண்டித் தயிரும் சேர்த்துக் குழைத்தாள். அவள் பூசியதுபோக நிறையவே மிஞ்சியது. "வீணாப் போகுது, வா" என்று என்னையும் பிடித்து உட்கார வைத்தாள். நான் மறுக்கவில்லை. என் பருக்களை எண்ணி வைத்திருக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள்.

அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. நர்சிங் படிப்பில் அவளுக்கு இது கடைசி வருஷம். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணத்தை ஆவணியிலேயே வைக்கப் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. பரீட்சையோ அதற்கப்புறம் வரும் சித்திரையில். அவளுடன் படித்த ஒரு பெண் இப்படித்தான் கல்யாணமாகிப் போனாள், பிறகு கல்லூரிக்கு வரவேயில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான், அடுத்தது அவள். பாதியில் நின்ற படிப்புக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் நான் எடுத்துப் பேசுவதாக ஏற்பாடு. அதற்குள் போன் வந்துவிட்டது.

பேசுவது மாப்பிள்ளையின் அம்மா. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம வாறோம். அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். எல்லாம் ஒத்துவந்தா ஆவணியிலயே முடிச்சிருவோமான்னு இங்கன கேக்காவ. கல்யாணத்துக்குப் பொறவும் பிள்ளை படிக்கட்டும், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். அவளைக் கேட்டுச் சொல்லுங்க."

"இங்கனதான் இருக்கா. இப்பவே கேட்டுச் சொல்லுதேன் மதினி." அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஆவணியில வச்சுக்கிடுவோமா?"

சந்தன நிற முகத்தோடு இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவள் கண்ணை உருட்டிக் கையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாள் என்பது அப்பாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் என் முகத்தைக் காட்டி, போனைக் காட்டி, பொறுங்கள் என்று உள்ளங்கையை நீட்டினேன். அதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்தாரோ தெரியாது, தலையை ஆட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையிடம் கல்யாணத்தைக் கேட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் வெட்கப்படுகிறாள் என்றுதான் அர்த்தம். அப்பாவும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

"மதினி, பிள்ளை வாயே திறக்கல. வெக்கப்படுதா. அவளுக்குச் சம்மதந்தான். அப்ப ஆவணியிலயே..."

"அப்பா, ஆவணியில வைக்காதீங்க!"

தங்கச்சியின் உதட்டோரத்தில் தொடங்கிய வெடிப்பு கன்னம்வரை ஓடியது. தாடையிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து மடியில் விழுந்தது. எழுந்துபோய் போனை வாங்கிவிட்டாள்.

"அத்தை, நான்தான் பேசுதேன். ஆவணியில வேண்டாம். சித்திரையில எனக்குக் கடைசிப் பரீட்சை. அது முடிஞ்சு எப்ப வேணும்னாலும் வைங்க."

"கல்யாணத்துக்குப் பொறவும் படிக்கலாம்னுதானே தாயி சொல்லுதேன்?"

"குளத்தூர்ல இருந்து தினமும் வந்துபோக முடியாது அத்தை. காலையில வெள்ளனவே வார்டுக்குப் போகணும். லீவு எடுத்தா பரீட்சை எழுத விட மாட்டாவ."

அந்த அம்மா பேச்சை மாற்றினார்.

"வாயில என்னமும் புண்ணா? ஒருமாதிரி பேசுதே?"

"மூஞ்சியில மண்ணு பூசியிருக்கேன் அத்தை. இறுகிப்போச்சு."

"சரி. இங்க கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்." போன் நின்றுவிட்டது.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "பொண்ணு பாக்கவே இன்னும் வரல, அதுக்குள்ள மாமியார்ட்ட வாயாடியாச்சு." என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ படிச்சவந்தானே, உனக்கு வாய் எங்க போச்சு?"

"மண்ணு பூசியிருந்தேம்பா" என்றேன், அப்போதும் உதட்டை அசைக்காமல்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நீங்கதானே கேட்டீங்க? அவ பதில் சொன்னா. கேட்டுட்டு எதுக்குக் கோவப்படுதீங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பூச்சைக் கழுவுவது பெரும்பாடாகிவிட்டது. பொறுமையில்லாமல் தங்கச்சி இடது கன்னத்தில் பிய்த்து எடுத்தாள். அந்த இடம் சிவந்து தடித்துவிட்டது. முழுக்கக் காயவிடவே கூடாது, பாதி காயும்போதே தண்ணீர் தொட்டு ஊறவைத்துக் கழுவிவிட வேண்டும் என்று வார்டில் ஒரு சீனியர் நர்ஸ் அவளிடம் பிறகு சொன்னாராம். முழுக்கக் காய்ந்தால் தோலில் இருக்கும் ஈரத்தையும் அது இழுத்துவிடும். பேசுவதற்கும் சுருக்கத்துக்கும் சம்பந்தமில்லையாம்.

குளத்தூரிலிருந்து பதில் வரவில்லை. ஆடு மேய்க்கப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் அப்பா, அந்த வாரம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். தங்கச்சி வழக்கம்போல் கல்லூரிக்குப் போய்வந்தாள், ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அப்பாவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். சனிக்கிழமை சாயங்காலம்தான் போன் வந்தது. "நாளைக்கு வாறோம்" என்றார்கள். ஆவணியா இல்லையா என்று அவர்களும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

மறுநாள் கன்னத்தில் சிவப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. அம்மா பவுடர் டப்பாவுடன் தங்கச்சியின் பின்னாலேயே சுற்றினாள். "எரியுதும்மா, விடு" என்று சொல்லிவிட்டு, வெறும் முகத்தோடுதான் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கன்னத்தையே பார்த்தார். "இதாக்கும் மண்ணு பூசின மூஞ்சி?"

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"பரீட்சை எந்த மாசம்னு சொன்னே?"

தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "சித்திரையில, மதினி. அவ பரீட்சையை எழுதிரட்டும். அதுக்குப் பொறவு நாள் பாப்போம்."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை சரி என்று தலையை அசைத்தார்.

"அப்ப வைகாசியில பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் காபியைக் கையில் எடுத்தார்.