பக்கத்து வீட்டு அவரைப் பந்தல்

பெங்களூரு கிளைமேட்டைப் புகழறவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். "உங்க ஊருக்கென்ன, ஊரே ஏசி"ன்னு மெட்ராஸ்லேர்ந்து போன்ல பெருமூச்சு விடற சொந்தக்காரங்க, மார்ச் மாசம் ஒரு தடவை ஜோகுபாளையத்துக்கு வந்து, தகர ஷீட் போட்ட என் சமையக்கட்டுல நின்னு தோசை சுட்டுப் பாக்கணும். அதுக்கு முன்னாடி ரோட்டோர மரமெல்லாம் ரோஸ் கலர்ல பூத்துக் கொட்டும். வைட்ஃபீல்ட்லேர்ந்து ஜனங்க காரை எடுத்துக்கிட்டு வந்து அதுக்கு அடியில நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. அதே வெயிலுக்கு எங்க தெருக் குழாயில வெறும் காத்து வரும். அதை யாரும் போட்டோ எடுக்கறதில்லை.

அந்தச் சமையக்கட்டுக்கு வெளியே, காம்பவுண்ட் சுவரை ஒட்டி என் முருங்கை மரம் இருந்தது. விவேக் நகர்ல இருந்த எங்கம்மா வீட்டை, அவங்க போன பிறகு வித்தோம். வாங்கினவங்க இடிச்சுட்டு அபார்ட்மென்ட் கட்டப் போறதாச் சொன்னாங்க. அண்ணனுங்க பீரோ, கட்டில்னு பிரிச்சுக்கிட்டாங்க. நான் பின்பக்கம் போய், அம்மா வளர்த்த முருங்கையில கை தடிமனுக்கு ஒரு கிளையை வெட்டி, ஆட்டோவுல குறுக்கே வெச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். "கட்டையை எங்கக்கா கொண்டுபோறீங்க"ன்னு ஆட்டோக்காரர் சிரிச்சார். இங்க மண்ணுல நட்டேன், துளிர்த்து மரமாச்சு. அம்மா வீட்டுலேர்ந்து உயிரோட எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.

முருங்கைக்கு வெயில்னா கொண்டாட்டம். நாம வதங்கற மாசத்துலதான் அது பூத்து, சரம் சரமாக் காய்க்கும். தெருவுக்கே அப்போ எங்க வீட்டு ஞாபகம் வந்துடும். முதல் ஆள் பக்கத்து வீட்டு சார். பேங்க்ல மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவர். தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின், அதனால எங்க தெருவுக்கு மேயர்னு அவருக்கே ஒரு நினைப்பு. சுவருக்கு மேல பையை நீட்டி, "ஸ்வல்ப காய் கொடும்மா, என் பேத்திக்கு முருங்கைக்காய் சாம்பார்னா உயிரு"ம்பார். நான் பை நிறையக் கொடுப்பேன். நன்றி சொல்ற வழக்கம் அந்த வீட்டுல கிடையாது, அது பேங்க்லயே பழகலை போல.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் மாங்கா மழைன்னு கோடையோட முதல் மழை வரும். வானம் இருண்டதும் கரண்ட் போகும், ஆலங்கட்டி என் தகரத்துல தடதடன்னு விழும். குரூப்புல ஆளாளுக்கு மழை வீடியோ போட்டு உருகுவாங்க. அந்த மழை காஞ்ச கையோட முருங்கையில கம்பளிப்பூச்சி வந்துடும். வருஷா வருஷம் நான் காலையிலேயே எழுந்து, நீளக் கொம்புல பழந்துணியைச் சுத்தி, எண்ணெயில நனைச்சுப் பத்தவெச்சு, அடிமரத்துல கும்பலா ஒட்டிக்கிட்டிருக்கற பூச்சியைக் கருக்கிடுவேன். ஒரு பூச்சி சுவரைத் தாண்டினதில்லை. காய் வாங்கித் தின்ன ஒருத்தருக்கும் இப்படி ஒரு வேலை நடக்கறதே தெரியாது.

போன வருஷம் அந்த மழை வந்தப்போ எனக்கு வைரல் ஜுரம். படுத்த இடத்துலேர்ந்து எழுந்திரிக்க முடியலை. பூச்சிங்க சுவர் ஏறி, சார் வீட்டுக் கொடியில காஞ்ச துணி வரைக்கும் போயிடுச்சு. பேத்தியோட கவுன்ல ஒண்ணு இருந்திருக்கு. குழந்தை முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு. பாக்கப் போனப்போ எனக்கு நிஜமாவே மனசு கேக்கலை, அது அழுததைப் பாத்து நானும் கலங்கிட்டேன். சார் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்குள்ள போய், பூச்சியைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, "சில பொறுப்பில்லாத வீட்டுக்காரர்களின் கவனத்துக்கு"ன்னு குரூப்புல போட்டார். மார்ச் முழுக்க பையைத் தூக்கிக்கிட்டு வந்த அத்தனை பேரும் வரிசையா வந்து கட்டைவிரலைத் தூக்கினாங்க.

என் வீட்டுக்காரருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "நானும் ரொம்ப நாளாச் சொல்றேன், மரம் போனா வண்டி நிறுத்த இடம் கிடைக்கும்"னார். மறுநாளே ஆளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். சார் சுவருக்கு அந்தப் பக்கம் சேர் போட்டு உக்காந்து மேற்பார்வை. "அடிக்கட்டையை விட்டுடாதீங்கப்பா, துளிர்த்துடும். வேரோட எடுங்க"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்தார். வேரோட எடுத்தாங்க. குழியை மூடி, மேல சிமென்ட்டும் பூசிட்டாங்க. நான் சமையக்கட்டுல நின்னு அழுதேன். எங்கம்மா வீட்டை இடிச்சப்போகூட அப்படி அழலை.

வெட்டின கிளையெல்லாம் வாசல்ல குவிஞ்சு கிடந்தது. சார் சுத்திச் சுத்தி வந்தார். "ஏம்மா, நான் அவரைக் கொடி போட்டிருக்கேன். பந்தலுக்குக் கால் வேணும். நேரா இருக்கற கிளையா ரெண்டு மூணு எடுத்துக்கவா"ன்னு கேட்டார்.

அடிக்கட்டை துளிர்க்கும்னு தெரிஞ்ச மனுஷனுக்கு, கிளையை நட்டாலும் முருங்கை துளிர்க்கும்னு தெரியலை. நான் முகத்தைத் துடைச்சுக்கிட்டேன்.

"தாராளமா எடுத்துக்கங்க சார். நல்லா ஆழமா நடுங்க, காத்துக்குச் சாஞ்சிடப் போகுது"ன்னேன்.

அதுக்கப்புறம் துணி உலர்த்தற சாக்குல தினம் சுவருக்கு மேல எட்டிப் பாக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. வெயில்ல காஞ்சிடுமோன்னு பயம். நல்லவேளை, மே மாசத்துல மழை விடாம அடிச்சது. நத்தைங்க படையெடுத்து வந்து சாரோட அவரைச் செடியை ஒரு இலை விடாம மேஞ்சுட்டுப் போச்சு. பந்தல் கால் மட்டும் பச்சைப் பசேல்னு துளிர்த்தது. சார் உடனே போட்டோ எடுத்து குரூப்புல போட்டார். "வெறும் கட்டையை நட்டாலும் முளைக்கிறது, எல்லாம் கை ராசி"ன்னு எழுதியிருந்தார். நான் முதல் ஆளாக் கட்டைவிரலைத் தூக்கினேன்.

இந்த வருஷம் அது காய்ச்சது. சார் தெருவுக்கே வள்ளலாயிட்டார். எனக்கும் சுவருக்கு மேல ஒரு பையை நீட்டினார். "வெச்சுக்கம்மா, நம்ம வீட்டுல காய்ச்சது"ன்னார். வாங்கிச் சாம்பார் வெச்சேன். எங்கம்மா வீட்டுக் காயேதான், அதே சதைப்பத்து.

போன வாரம் மாங்கா மழை வந்தது. மழை விட்ட கையோட சார் எங்க கேட்டுல நிக்கறார். இந்தத் தடவை குரூப்புல சிவப்பு வட்டம் ஒண்ணும் காணோம். "மரம் பூரா பூச்சிம்மா. பேத்தி வெளியவே வர மாட்டேங்கறா. நாளைக்கு ஆள் வரச் சொல்லி வெட்டிடலாம்னு இருக்கேன்"னார்.

இந்த நேரத்துக்காக ஒரு வருஷமா நறுக்குன்னு நாலு வார்த்தை சேத்து வெச்சிருந்தேன். வெட்டறதுன்னதும் அதெல்லாம் மறந்து போச்சு.

"ஆளெல்லாம் வேண்டாம் சார், நான் வரேன்"னேன்.

கொம்பு, பழந்துணி, எண்ணெய், தீப்பெட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். அடிமரத்துல சாக்கு விரிச்ச மாதிரி பூச்சி அப்பியிருந்தது. நிதானமா, பட்டை கருகாம, சுத்திச் சுத்திக் கருக்கினேன். சார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மாஸ்க் போட்டுக்கிட்டு, பேத்தியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தார். "பாரு கண்ணு, தாத்தா வளர்த்த மரத்தை ஆன்ட்டி எப்படிக் காப்பாத்தறாங்க"ன்னார்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. எரியற கொம்பு கையில இருந்தது, குழந்தை முகத்தைப் பாத்துட்டு அடக்கிக்கிட்டேன்.

வேலை முடிஞ்சதும் மேல நிமிர்ந்து பாத்தேன். நேரா ஒரு கிளை, கை தடிமன் இருக்கும்.

"சார், ஒட்டடை அடிக்க ஒரு கொம்பு வேணும். இதை வெட்டிக்கவா?"

"தாராளமா எடுத்துக்கோம்மா"ன்னார் சார்.

கிளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் வண்டியை அந்தச் சிமென்ட்டு மேல நிறுத்திட்டு உள்ள டிவி பாத்துக்கிட்டிருந்தார். வண்டியை ரோட்டுக்குத் தள்ளி ஸ்டாண்டு போட்டுட்டு, கடப்பாரையை எடுத்துக்கிட்டு வந்தேன்.